காலைல மட்டும் மிஸ்ஸிங், ரேடியேட்டர் தண்ணியும் குறையுது: 2006 ஆம்னி

காரிமங்கலம்_ஆம்னி
வணக்கம். வண்டி 2006 மாருதி ஆம்னி வேன், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வச்சது), பெட்ரோல் மட்டும், கேஸ் கிட் கிடையாது. 1,38,000 கி.மீ. ஓடியிருக்கு. அப்பாதான் ஓட்டுவார். விடிகாலை 4 மணிக்கு பூ மூட்டை ஏத்திக்கிட்டு தர்மபுரி மார்க்கெட், மத்த நேரம் வீட்டு வேலை.

ரெண்டு மாசமா ஒரு தொல்லை. காலைல முதல் ஸ்டார்ட்ல வண்டி மிஸ் அடிக்குது. சீட்டோட சேர்ந்து ஆள் ஆடுற அளவுக்கு. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அப்புறம் தானா சரியாகிடும், நாள் முழுக்க நல்லா ஓடும். மறுநாள் காலைல மறுபடி அதே கதை.

மெக்கானிக் ப்ளக் மூணும் மாத்தினார். சரியாகல. ப்ளக் வயர் மாத்தினார். சரியாகல. பெட்ரோல் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங். மொத்தம் 4,300 ரூபா ஆச்சு. இப்ப "ஃப்யூவல் பம்ப் வீக்கா இருக்கும்"ங்கறார். அதுக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்களக் கேட்கலாம்னு வந்தேன்.

ஓசூர்_ஷிப்ட்
ப்ரோ, செக் இன்ஜின் லைட் எரியுதா? ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி சொருகிப் பாருங்க. பி0300 வந்தா பொதுவான மிஸ்ஃபயர். பி0301, 0302, 0303 வந்தா எந்த சிலிண்டர்னு அதுவே சொல்லிடும்.

பழைய_இரும்பு
தம்பி ஓசூரு, 2006 வண்டில அந்த ஸ்கேனர் பேசாது. நம்ம நாட்டுல ஓபிடி (வண்டியே தன் கோளாற ஸ்கேனருக்குச் சொல்ற வசதி) வந்ததே பிஎஸ்4 புகை விதி காலத்துலதான். இந்த வண்டிக்கு காதும் மூக்கும்தான் ஸ்கேனர்.

காரிமங்கலம் தம்பிக்கு ஒரு கேள்வி. தலைப்புல தண்ணி குறையுதுன்னு போட்டிருக்கீங்க, உள்ளே அதப் பத்தி ஒரு வரி இல்ல. எவ்வளவு குறையுது, எதை ஊத்தறீங்க, கீழே சொட்டுதா? காலைல மிஸ் அடிக்கிற நேரத்துல சைலன்சர்ல புகை எப்படி?

காரிமங்கலம்_ஆம்னி
ஐயா, ரெண்டும் தனித்தனி பிரச்சனைன்னு நினைச்சுட்டேன். மெக்கானிக்கும் அப்படித்தான் சொன்னார்.

ரெண்டு நாளைக்கு ஒரு தடவை முக்கால் லிட்டர் ஊத்தறோம். வீட்டு போர் தண்ணிதான். கீழே ஒரு சொட்டு இல்ல, சிமெண்ட் தரைலதான் நிறுத்தறோம். புகை வெள்ளையா வரும், ஆனா பனிக்காலம்னு விட்டுட்டோம்.

பழைய_இரும்பு
பனிக்காலத்துல எல்லா வண்டியும் கொஞ்சம் வெள்ளைப் புகை விடும். பெட்ரோல் எரிஞ்சாலே தண்ணி ஆவி உண்டு, குளிர்ல அது கண்ணுக்குத் தெரியும். வண்டி சூடானதும் போயிடும். உங்க புகை மிஸ்ஸிங்கோட வந்து மிஸ்ஸிங்கோட போகுதான்னு பாருங்க.

ரெண்டும் ஒரே நோயா இருக்கலாம். ராத்திரி வண்டிய நிறுத்தினதும் இன்ஜின் சூடு உடனே இறங்காது. ரேடியேட்டர் லைன்ல அழுத்தம் அப்படியே நிக்கும். ஹெட் கேஸ்கட்ல (கீழ இருக்கிற பிளாக்குக்கும் மேல மூடியிருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல வைக்கிற தகடு) மயிரளவு வழி இருந்தா அந்த அழுத்தம் தண்ணிய சிலிண்டருக்குள்ள தள்ளும். விடியற வரைக்கும் ரெண்டு ஸ்பூன் உள்ளே நிக்கும். காலைல செல்ஃப் அடிக்கறப்ப அந்த ஒரு ப்ளக் நனையும், மூணுல ஒண்ணு வேலை செய்யாது. தண்ணி ஆவியாகி வெளியே போனதும் வண்டி சொன்ன பேச்சு கேட்கும்.

"இருக்கலாம்"னுதான் சொல்றேன். இத வச்சு ஹெட்ட இறக்கிடாதீங்க. முதல்ல செலவில்லாத வேலை: புது ப்ளக் மூணையும் வரிசை மாறாம கழட்டி, காகிதத்துல 1, 2, 3 எழுதி வச்சு போட்டோ போடுங்க.

பாலக்கோடு_தக்காளி
எதுக்கு இவ்வளவு. ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போடுங்க, ஓட்டை அடைஞ்சிடும். எங்க மாமா டெம்போல போட்டு ஆறு மாசம் ஓட்டினார்.

தொப்பூர்_லோடு
ஆறு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு மாமாவக் கேட்டுச் சொல்லுங்கணா.

லேத்துக்காரன்
மஞ்சள் போட்ட இன்ஜின் மாசத்துக்கு ஒண்ணு என் பட்டறைக்கு வருது. ஹெட்டைத் திறந்தா குழம்பு வாசம். சிரிக்காதீங்க, நிஜம். மஞ்சளுக்கு எது ஓட்டை, எது டியூப்னு தெரியாது. ரேடியேட்டர் டியூப்பையும் சேர்த்து அடைக்கும். கடைல விக்கிற ஸ்டாப் லீக் பவுடரும் அதே ஜாதிதான். நடுரோட்டுல மாட்டிக்கிட்டு வீடு வந்து சேர அது உதவும், அவ்வளவுதான். கேஸ்கட் ஓட்டைய அது பிடிச்சு நிக்காது, அங்க எரியற வாயு அடிக்கிற அழுத்தம் வேற.

காரிமங்கலம்_ஆம்னி
போட்டோ போட்டிருக்கேன். 1ம் 3ம் லேசா பழுப்பு, டீ கறை மாதிரி. நடுவுல இருக்கிற 2 மட்டும் வெள்ளையா, கழுவி வச்ச பாத்திரம் மாதிரி இருக்கு. பீங்கான் ஓரத்துல மெல்லிசா வெள்ளைப் பொடி. போட்டு ரெண்டு மாசம் கூட ஆகல.

ஆயில் மூடிய திறந்து பார்த்தேன், உள்பக்கம் கொஞ்சம் மோர் மாதிரி படிஞ்சிருக்கு. பயமா இருக்கு.

பழைய_இரும்பு
மூடில இருக்கிற மோருக்குப் பயப்படாதீங்க. சின்னத் தூரம் ஓடி நிக்கிற வண்டில குளிருக்கு அது படியும். டிப் ஸ்டிக்க இழுத்துப் பாருங்க. அதுல ஆயில் காபி நிறத்துல கலங்கியிருந்தாலோ, அளவு ஏறியிருந்தாலோதான் தண்ணி இன்ஜின் அடில இருக்கிற ஆயில் சம்புக்குப் போகுதுன்னு அர்த்தம். அப்படி இருந்தா வண்டிய ஒரு அடி கூட ஓட்டாதீங்க, பேரிங் போயிடும்.

2வது ப்ளக் வெள்ளையா இருக்கிறது பெரிய சாட்சி. ஆவில கழுவின ப்ளக் அப்படித்தான் இருக்கும். பெட்ரோல் கம்மியா போனாலும் ப்ளக் வெளுக்கும், ஆனா உங்களுக்குத் தண்ணியும் குறையுது. அந்த வெள்ளைப் பொடி உங்க போர் தண்ணி உப்பாத்தான் இருக்கணும்.

ஊத்தங்கரை_800
அவசரப்பட வேண்டாம். எனக்கும் இதே அறிகுறி இருந்தது, 800ல. எல்லாரும் ஹெட் கேஸ்கட்னு சாதிச்சாங்க. கடைசில பார்த்தா இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) கேஸ்கட். பழைய இன்ஜின் பலதுல மேனிஃபோல்டை சூடாக்க அதுக்குள்ளேயும் ரேடியேட்டர் தண்ணி ஓடும். அந்த கேஸ்கட் கிழிஞ்சா இன்ஜின் இழுக்கிற காத்தோட தண்ணியும் உள்ளே போயிடும். ஹெட்டை இறக்காமலே வேலை முடிஞ்சது.

ஓசூர்_ஷிப்ட்
ரேடியேட்டர் மூடியப் பத்தி யாரும் பேசலயே. ரேடியேட்டர் மூடில 0.9 பார்னு எழுதியிருக்கும். அந்த அழுத்தம் நின்னாத்தான் தண்ணி 118 டிகிரி பக்கம் வரைக்கும் கொதிக்காம இருக்கும். ரப்பர் காஞ்சு போச்சுன்னா 100லேயே கொதிச்சு, ஆவியா யாருக்கும் தெரியாம போயிட்டிருக்கும். மூடி விலை ரொம்பக் கம்மி.

பழைய_இரும்பு
ரெண்டு பேரும் சொல்றது சரி. இப்ப மூணு திருடன் இருக்கான்: மூடி, மேனிஃபோல்டு, ஹெட். வாட்டர் பாடி (தண்ணி பம்ப்), டம்மி (பிளாக் ஓட்டைய அடைக்கிற தகடு மூடி), ஹோஸ் இதெல்லாம் போனா தரைல ஈரம் இருக்கணும், அல்லது காஞ்ச உப்புத் தடம் இருக்கணும். வாட்டர் பாடிக்கு அடில ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதுக்குக் கீழ வெள்ளைக் கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

அப்புறம் ரேடியேட்டர் கடைல பிரஷர் டெஸ்டர் கேளுங்க. சைக்கிள் பம்ப் மாதிரி மீட்டரோட இருக்கும். அதுக்கு முன்னாடி போர் தண்ணிய வடிச்சுட்டு பச்சைக் கூலன்ட் ஊத்துங்க, காரணம் இருக்கு. ராத்திரி வண்டி வெதுவெதுப்பா இருக்கறப்ப 0.9 வரைக்கும் அடிச்சு விட்டுட்டுத் தூங்குங்க. அதுக்கு மேல ஒரு புள்ளி கூட ஏத்தக்கூடாது. காலைல ஸ்டார்ட் பண்ணாதீங்க. ப்ளக் மூணையும் கழட்டி, காயில், இன்ஜெக்டர் கனெக்‌ஷனை எடுத்து விட்டுட்டு (பொறி பறந்தா பெட்ரோல் ஆவி பத்திக்கும்) செல்ஃப் மட்டும் அடிக்கணும். யாரும் குனிஞ்சு பார்க்கக்கூடாது.

இன்னொண்ணு, மறைக்காம சொல்லுங்க தம்பி. வண்டி எப்பவாவது ஹீட் ஆகி நின்னிருக்கா?

காரிமங்கலம்_ஆம்னி
இல்ல ஐயா. ஹீட் ஆனதே இல்லைன்னு அப்பா சொல்றார்.

தொப்பூர்_லோடு
எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாங்க.

காரிமங்கலம்_ஆம்னி
நாலு நாள் ஆச்சு, மன்னிக்கவும். டெஸ்டர் கிருஷ்ணகிரில ஒரு ரேடியேட்டர் கடைல வாடகைக்குக் குடுத்தாங்க.

ராத்திரி 9 மணிக்கு 0.9 அடிச்சு வச்சோம். இருபது நிமிஷத்துல 0.7. மூடிய மட்டும் தனியா அடாப்டர்ல வச்சுப் பார்த்தோம், அது நல்லாவே நிக்குது. ஆக மூடி இல்ல. வெளியே எங்கயும் ஈரம் இல்ல. வாட்டர் பாடி சுத்தம். 11 மணிக்கு எழுந்து மறுபடி அடிச்சேன்.

காலைல 3 மணி. முன்சீட்டைத் தூக்கி வச்சோம். (ஆம்னிக்கே உள்ள சௌகரியம், அடுப்பு மேல உட்கார்ந்து ஓட்டற மாதிரி இருந்தாலும் கை போற இடத்துல இன்ஜின் இருக்கும்.) ப்ளக் மூணும் கழட்டி, ஓட்டைக்கு மேல மாங்காப் பெட்டி அட்டை ஒண்ண சாய்ச்சு வச்சேன், வெள்ளைப் பக்கம் கீழ. தம்பி சாவி திருப்பினான். ரெண்டு சுத்து சுத்துச்சு. நடு ஓட்டைல இருந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அட்டைய எடுத்துப் பார்த்தா நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு இளம்பச்சைத் தெறிப்பு, அதுக்குள்ள எண்ணெய்ப் பொட்டு. ரெண்டு பக்கத்துலயும் வெறும் தூசி.

டார்ச்சப் பிடிச்சிட்டிருந்த அப்பா அப்பதான் வாயத் திறந்தார். போன வைகாசில சேலத்துல இருந்து வெங்காயம் ஏத்திக்கிட்டு வர்றப்ப தொப்பூர் ஏத்தத்துல முள் சிவப்பைத் தொட்டுச்சாம். ஓரம் கட்டி, உடனே மூடியத் திறந்து ரெண்டு பாட்டில் ஜில்லுன்னு இருந்த தண்ணிய ஊத்தினாராம். "கைல கொஞ்சம் பட்டுச்சு, வேற ஒண்ணுமில்ல"ன்னார். அந்தத் தழும்ப நாங்க அடுப்புல பட்டதுன்னு நினைச்சிட்டிருந்தோம்.

தொப்பூர்_லோடு
அதான் பச்சைக் கூலன்ட் ஊத்தச் சொன்னாரா! போர் தண்ணியா இருந்தா அட்டைல ஈரத்துக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. ஐயா, கும்பிடறேன்.

அப்பாவத் திட்டாதீங்க. அந்த ஏத்தத்துல லாரிக்கே மூச்சு முட்டும். சேலத்துல இருந்து வர்றப்ப தர்மபுரி மேட்டுல இருக்கு, கணவாய்ல மொத்த ஏத்தமும் ஒரே இடத்துல. எதிர்ப்பக்கம் இறங்கறவன் பிரேக் சூடாகி சாகறான், நம்ம பக்கம் ஏறறவன் இன்ஜின் சூடாகி நிக்கறான்.

லேத்துக்காரன்
இந்த இன்ஜின்ல பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ ரெண்டு மடங்கு விரியும். சாதாரண சூட்டுல கேஸ்கட் அதத் தாங்கிக்கும். கொதிச்சு நிக்கற இன்ஜின்ல ஜில்லுன்னு தண்ணி விழுந்தா ஹெட் ஒரு பக்கம் சுருங்கும், இன்னொரு பக்கம் விரிஞ்சே இருக்கும். அப்ப வளையறதுதான். அன்னிக்கே தெரியாது. ஆறு மாசம் கழிச்சு கேஸ்கட் அந்த இடத்துல அரிக்கும்.

ஹீட் ஆனா வண்டிய ஓரம் கட்டி ஐட்லிங்ல விட்டு, ஃபேன் ஓடுதான்னு பாருங்க. ஃபேன் ஓடலன்னாலோ, தண்ணி கொஞ்சம் கூட இல்லன்னாலோ ஆஃப் பண்ணிடுங்க. மூடியத் தொடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம், முடிஞ்சா முக்கால் மணி. டீ குடிங்க.

ஹெட் இறக்கினா நேரா மாட்டச் சொல்லாதீங்க. ரூலரும் ஃபீலர் கேஜும் (இடுக்கு அளக்கற மெல்லிசு தகடு) வச்சு குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டமும் பார்க்கணும். 0.05 மி.மீ. தாண்டினா ஃபேஸிங் (பரப்பை மட்டமா சீவறது). வால்வுக்கு நடுவுல விரிசல் இருக்கான்னு பிரஷர்ல பார்க்கணும். பிளாக் மேல் பரப்பையும் பாருங்க, அத நிறைய பேர் விட்டுடறாங்க.

ஊத்தங்கரை_800
கம்ப்ரெஷன் (சிலிண்டர்ல ஏறற அழுத்தம்) பார்த்தீங்களா? மேனிஃபோல்டு இல்லைன்னு எப்படி உறுதி?

காரிமங்கலம்_ஆம்னி
பார்த்தோம்ணா. இன்ஜின் சூட்டுல, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு: 12, 9.5, 12 கிலோ. நடு சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறல, அதனால பிஸ்டன் ரிங் பிரச்சனை இல்லன்னு மெக்கானிக்கே ஒத்துக்கிட்டார். அப்புறம் நடு சிலிண்டர்ல, வால்வு ரெண்டும் மூடியிருக்கற இடத்துல நிறுத்தி, ப்ளக் ஓட்டை வழியா கம்ப்ரெஸர் காத்து விட்டோம். ரேடியேட்டர் வாய்ல முட்டை முட்டையா குமிழ். மேனிஃபோல்டா இருந்தா இந்தக் குமிழ் வராது இல்லையா?

ஊத்தங்கரை_800
வராது. ஹெட்டை இறக்குங்க.

காரிமங்கலம்_ஆம்னி
இறக்கியாச்சு. கேஸ்கட்ல நடு சிலிண்டர் வளையத்துக்கும் பக்கத்துத் தண்ணி ஓட்டைக்கும் நடுவுல சுண்டுவிரல் நக அளவு கருகிப் போயிருக்கு. ஹெட் வளைவு 0.12. விரிசல் இல்ல, தப்பிச்சோம். ஃபேஸிங்குக்குப் போயிருக்கு.

ஆனா எனக்கு ஆச்சரியம் பிளாக்தான். தண்ணி ஓட்டைங்களச் சுத்தி வெள்ளையா ஏடு. ஸ்க்ரூ டிரைவரால தட்டினா பல்பம் மாதிரி சில்லு சில்லா வருது. எங்க வீட்டு வெந்நீர் பாத்திரத்துல படியுமே, அதே. ரேடியேட்டரயும் கழட்டிக் காட்டினோம், பாதி டியூப் அடைப்பு. வண்டி ஓடறப்ப கையால தடவியிருந்தா கீழ்ப் பாதி ஜில்லுன்னு இருந்திருக்கும்னு கடைக்காரர் சொன்னார்.

பாலக்கோடு_தக்காளி
நம்ம மாவட்டத் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, அதான்.

பழைய_இரும்பு
ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கறது. அதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்தாங்க. ரேடியேட்டர்ல படியறது சுண்ணாம்பும் மக்னீசியமும், கடினத் தண்ணியோட வேலை. சூடு படற இடத்துல முதல்ல படியும், அதாவது சிலிண்டரச் சுத்தி, எங்க குளிர்ச்சி அதிகம் வேணுமோ அங்கயே. அதுவும் தண்ணி குறையக் குறைய ஊத்தற வண்டில உப்பு மட்டும் உள்ளேயே தங்கும், தண்ணி போயிட்டே இருக்கும். ரெண்டு நாளைக்கு முக்கால் லிட்டர்னா கணக்குப் போட்டுக்கோங்க.

ஆக, தொப்பூர்ல ஹீட் ஆனதுக்குக் காரணம் ஏத்தம் மட்டும் இல்ல.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருந்துச்சா உள்ளே?

காரிமங்கலம்_ஆம்னி
இல்ல! வெறும் கூடு. எப்பவோ யாரோ எடுத்துட்டாங்க.

தொப்பூர்_லோடு
எங்க ஊர்ல புது வண்டி வாங்கினாலே முதல் வேலை அதக் கழட்டறதுதான். நம்ம வெயிலுக்கு அது எதுக்குங்க? வெளிநாட்டு குளிருக்குப் பண்ணது.

பழைய_இரும்பு
இத இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். வெயில் 40 டிகிரி, தெர்மோஸ்டாட் திறக்கறது 82ல. நம்ம வெயிலும் அதுக்குக் குளிர்தான். அது இல்லன்னா காலைல இன்ஜின் சூடேறவே நேரம் ஆகும். இன்ஜின் இன்னும் குளிராத்தான் இருக்குன்னு சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோல அள்ளி ஊத்தும். மைலேஜ் போகும், ப்ளக் கரி பிடிக்கும், ஆயில் கெடும். தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டிக்கிட்டா மாத்தணும். தலைவலிக்குத் தலைய எடுக்கக்கூடாது.

தொப்பூர்_லோடு
சரி விடுங்க, நான் மாத்திக்க மாட்டேன். 😄

லேத்துக்காரன்
மாட்டறப்ப கவனிக்க வேண்டியது: பிளாக்ல போல்ட் இறங்கற ஓட்டைங்கள காத்தடிச்சு சுத்தம் பண்ணச் சொல்லுங்க. உள்ளே தண்ணியோ ஆயிலோ நின்னா போல்ட் அழுத்தி பிளாக்கே விரியும். டார்க் ரெஞ்ச் இல்லாம "கை அளவு" முறுக்கறவர்கிட்ட வேலை குடுக்காதீங்க. நடுவுல தொடங்கி வெளியே, மூணு தவணையா, மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு.

அப்புறம் ஆம்னில காத்து எடுக்கறது தனி வேலை. ரேடியேட்டர் முன்னாடி மூக்குல, இன்ஜின் சீட்டுக்கு அடில, நடுவுல நீளமான பைப். காத்து மாட்டிக்கிட்டா ஹெட் மேல தண்ணியே இருக்காது, மீட்டரும் பொய் சொல்லும். மூக்கு மேட்டுல இருக்கற மாதிரி சரிவுல நிறுத்தி, மூடியத் திறந்து வச்சு ஐட்லிங்ல விட்டு, ஹோஸ அப்பப்ப அமுக்கிக் குடுங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கும், அப்ப ஊத்துங்க.

கூலன்ட் கலக்க டிஸ்டில்ட் வாட்டர், பேட்டரிக்கு ஊத்தறதுதான். பாதிக்குப் பாதி. பச்சையோட ஆரஞ்ச கலக்காதீங்க. பழசக் கீழ கொட்டாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும்.

காரிமங்கலம்_ஆம்னி
வேலை முடிஞ்சு இன்னியோட 18 நாள். ஃபேஸிங், கேஸ்கட் செட், புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,600. முதல்ல வீணா மாத்தின 4,300ல ப்ளக் மட்டும் இப்பவும் வண்டில இருக்கு, நடு ப்ளக் கூட நல்லாத்தான் வேலை செய்யுது.

ரிசர்வ் டாங்கில அக்காவோட நெயில் பாலிஷால கோடு போட்டு வச்சேன். முதல் மூணு நாள் ஒரு விரக்கடை இறங்கிச்சு. லேத்து அண்ணன் சொன்ன காத்துதான்னு நினைக்கிறேன். ஊத்தி கோடு சேர்த்தோம். அதுக்கப்புறம் 900 கி.மீ., கோட்டுலயே நிக்குது. காலைல ஒரே செல்ஃப். நேத்து அப்பா வேணும்னே சேலம் போய் தொப்பூர்ல ஏறிட்டு வந்தார், முள் பாதியத் தாண்டலயாம். இதையும் தம்பிகிட்ட தனியா விசாரிச்சு உறுதி பண்ணிக்கிட்டேன்.

அரூர்_புதுசு
அண்ணா வணக்கம், இழை முழுக்கப் படிச்சேன். எனக்கு 2002 ஜென். தண்ணி குறையுது, ஆனா மிஸ்ஸிங் இல்ல, டிரைவர் பக்கம் மிதியடி மட்டும் ஈரமா இருக்கு. ஹெட் கேஸ்கட்தானா?

பழைய_இரும்பு
மிதியடிய மோந்து பாருங்க. இனிப்பு வாசம் அடிச்சா ஹீட்டர் கோர் (வண்டி உள்பக்கத்தச் சூடாக்கற குட்டி ரேடியேட்டர்). ஹெட்டைத் தொட விடாதீங்க. புது இழை போடுங்க, அங்க வர்றேன்.